கோஸ்டர், நாப்கின், ட்ரே, டம்ளர்: குடிக்கக் கொடுக்கும் சாமான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருந்தாளிக்கு ஜூஸ் கொடுப்பதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மேஜையில் வெள்ளை வட்டம் விழுந்த பிறகும், நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் இரவிலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

கோஸ்டர்னா என்ன? அதான் டபரா இருக்கே, அப்புறம் அது எதுக்கு?

டம்ளருக்கும் மேஜைக்கும் நடுவில் வைக்கும் சின்னத் தட்டு அல்லது அட்டைதான் கோஸ்டர். அதற்கு இரண்டு வேலை: சூட்டை மேஜைக்குக் கடத்தாமல் இருப்பது, டம்ளரிலிருந்து வழியும் தண்ணீரை மேஜைக்கு விடாமல் பிடிப்பது.

காபிக்கு டபராவே போதும். விளிம்பு வைத்த கிண்ணம் என்பதால் சிந்துவது உள்ளேயே நிற்கும், ஆற்றிக்கொள்ளவும் ஆகும். ஆனால் டபரா எவர்சில்வர். டம்ளரிலிருந்து டபராவில் ஊற்றி ஆற்றும்போது அதன் அடியும் சுடும். அப்படியே பாலிஷ் போட்ட மரத்தில் வைத்தால் தடம் விழலாம். குளிர்பானத்துக்கு டபரா சரிப்படாது. வழிந்த தண்ணீர் உள்ளே தேங்கி, கிளாஸைத் தூக்கும்போதெல்லாம் அடியிலிருந்து மடியில் சொட்டும்.

டம்ளருக்கு வெளிய எங்கிருந்து தண்ணி வருது? கிளாஸ் கசியுதா?

கசியவில்லை. காற்றிலிருக்கும் ஈரம்தான் குளிர்ந்த கிளாஸ்மேல் தண்ணீராகப் படிகிறது. எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் ஈரம் படியத் தொடங்குமோ, அதைப் பனிநிலை என்பார்கள். சென்னைபோன்ற கடலோர ஊர்களில் புழுக்கமான மாதங்களில் அது 24, 25 டிகிரி செல்சியஸைத் தொடும். அதனால் அங்கே ஐஸ் போட்ட ஜூஸ் மட்டுமல்ல, 18 டிகிரி அளவுக்கு லேசாகக் குளிர்ந்த தண்ணீருக்கும் கிளாஸ் வியர்க்கும். மண்பானைத் தண்ணீர் ஊற்றிய டம்ளர் பெரும்பாலும் வியர்ப்பதில்லை. பானைத் தண்ணீர் அந்த அளவுக்குக் கீழே இறங்காததுதான் காரணம்.

ஐஸ் போட்ட ஒரு கிளாஸ் ஜூஸ் முழுக்க உருகுவதற்குள் ஒன்றிரண்டு டீஸ்பூன் தண்ணீர் வெளியே படிந்துவிடும். அந்த ஈரம் படியும்போது வெப்பத்தைக் கொண்டுவந்து கிளாஸில் இறக்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1 மி.லி. படிந்தாலே 200 மி.லி. ஜூஸ் கிட்டத்தட்ட 3 டிகிரி சூடேறும் அளவு வெப்பம் அது. இரட்டைச் சுவர் கிளாஸ் வியர்க்காமல் இருப்பதும் ஜூஸ் நெடுநேரம் குளிர்ச்சியாக இருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

கடையில பத்து விதமா இருக்கு. எதுல செஞ்ச கோஸ்டர் வாங்கலாம்?

எதை அதிகம் குடிக்கக் கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். குளிர்பானம் அதிகமென்றால் தண்ணீரை உறிஞ்சும் பொருள் வேண்டும்: தடித்த காட்டன், குரோஷா பின்னல், மெருகு பூசாத சுட்ட மண், கார்க், மரக்கூழ் அட்டை. சூடான பானம் என்றால் உறிஞ்ச வேண்டியதில்லை, சூட்டைத் தடுத்தால் போதும்: மரம், கார்க், சிலிக்கான், கோரை. இரண்டுக்கும் ஓரளவு ஒத்துவருவது கார்க். அடியில் கார்க் ஒட்டிய சுட்ட மண் கோஸ்டர் கிடைத்தால் அதைவிட நல்லது.

கடையில் பளபளவென்று கண்ணை இழுப்பது கண்ணாடி, அக்ரிலிக், எவர்சில்வர், ரெசின் கோஸ்டர்கள். இவை ஒரு சொட்டுத் தண்ணீரையும் உறிஞ்சாது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஓரத்தில் வரப்பும் நடுவில் கோடு கோடாகப் பள்ளமும் இருப்பதாகப் பாருங்கள். எங்கள் பார்வையில் தட்டையான அக்ரிலிக் கோஸ்டர் சுவரில் மாட்டத்தான் லாயக்கு.

மரக்கூழ் அட்டை மலிவானது, பழசும்கூட. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ராபர்ட் ஸ்புத் என்பவர் 1892-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பீர்க் கடைகளில் கோப்பைக்கு அடியில் இன்றும் வைப்பது அந்த வகைதான். ஒரு விசேஷத்தோடு தூக்கிப்போடும் கோஸ்டர் வேண்டுமென்றால் இது போதும்.

என்ன சைஸ்? எத்தனை வாங்கணும்?

கிளாஸ் அடியைவிடச் சுற்றிலும் 1 செ.மீ. பெரிதாக இருந்தால் சரி. சாதாரண கிளாஸுக்கு 9 முதல் 10 செ.மீ. போதும். காபி மக்கின் அடி அகலமானது என்பதால் 10 செ.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள். டபராவுக்கு அடியில் வைப்பதென்றால் டபராவின் அடியை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கண் அளவை நம்பினால் பெரும்பாலும் சின்னதாகத்தான் வாங்குவோம்.

எண்ணிக்கைக்கு ஆட்களை எண்ண வேண்டாம், இருக்கைகளை எண்ணுங்கள். மேஜைக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை, கூட இரண்டு.

டம்ளரைத் தூக்கினா கோஸ்டரும் ஒட்டிக்கிட்டே வருது. பாதி வழியில பொத்துன்னு கீழ விழுது. என்ன பண்றது?

கிளாஸின் அடியும் கோஸ்டரின் மேலும் இரண்டும் வழவழப்பாக இருந்து, நடுவில் மெல்லிய தண்ணீர்ப் படலம் சேர்ந்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும். காற்று உள்ளே புக வழியில்லை, அவ்வளவுதான். உறிஞ்சும் கோஸ்டரில் படலம் நிற்காததால் இந்தத் தொல்லை குறைவு. அதுவும் நன்றாக ஊறி நிரம்பிவிட்டால் ஒட்டத் தொடங்கும். எடை குறைந்த அட்டை கோஸ்டர்தான் சீக்கிரம் ஒட்டிக்கொண்டு வரும். கனமான சுட்ட மண் கோஸ்டர் அவ்வளவு எளிதில் எழும்பாது.

இருப்பதை வைத்தே சமாளிக்க: அட்டை கோஸ்டர்மேல் ஒரு சிட்டிகை தூள் உப்பைத் தூவிவிட்டு கிளாஸை வையுங்கள். மணிகள் கிளாஸைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பதால் காற்று புக இடம் கிடைக்கும். வழவழப்பான கோஸ்டர் என்றால் அதே அளவில் வெட்டிய காட்டன் துணியோ, நாரை அழுத்திச் செய்த ஃபெல்ட் துணியோ மேலே போட்டுவிடுங்கள்.

தேக்கு டேபிள்ல வெள்ளையா வட்டம் விழுந்துடுச்சு. போகுமா, பாலிஷ்காரரைக் கூப்பிடணுமா?

வெள்ளை வட்டம் என்றால் பாலிஷ் படலத்துக்குள் ஈரம் சிக்கியிருக்கிறது; மரத்துக்குச் சேதமில்லை. ஸ்பிரிட் பாலிஷ் எனப்படும் அரக்குப் பாலிஷிலும் பழைய லாக்கர் பூச்சிலும் இது சட்டென்று விழும். சூடான டபராவை நேராக வைத்தாலே போதும். பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் பெரும்பாலும் தாங்கிவிடும்.

முதலில் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் விடுங்கள். புது வட்டம் பல நேரம் தானாகவே மங்கிவிடும். போகாவிட்டால் ஹேர் டிரையரை மிகக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே ஒன்றிரண்டு நிமிடம் காட்டுங்கள். கண்ணெதிரிலேயே வெள்ளை கரைவது தெரியும். டிரையர் இல்லையென்றால் வட்டத்தின்மேல் காய்ந்த காட்டன் துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், 5 விநாடி வைத்து எடுத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு 5 விநாடி. ஒரேயடியாக அரை நிமிடம் வைத்தால் பாலிஷ் கொப்பளித்துவிடும், பிறகு பாலிஷ்காரர்தான் கதி.

மிச்சமிருக்கும் மங்கலுக்கு வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவி இரவு முழுவதும் விட்டுக் காலையில் துடைக்கலாம். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம். அது வட்டத்தோடு பளபளப்பையும் சுரண்டிவிடும்.

எங்க வீட்ல வட்டம் கருப்பா இருக்கு. அதே வைத்தியம்தானா?

இல்லை. கருப்பு என்றால் தண்ணீர் பாலிஷைத் தாண்டி மரத்துக்குள்ளேயே போய்விட்டது. தண்ணீரிலோ பாத்திரத்திலோ உள்ள இரும்பு, மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருத்திருக்கிறது. இரும்பு அதிகமுள்ள போர் தண்ணீர் புழங்கும் வீடுகளிலும், துருப்பிடித்த தகர டப்பா, பூந்தொட்டித் தட்டு வைத்த இடங்களிலும் இதைப் பார்க்கலாம். சூடு காட்டினால் போகாது.

பாலிஷை எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தண்ணீர் தடவி வெளுக்கவைத்து, கழுவிக் காயவைத்து, மறுபடி பாலிஷ் போட வேண்டும். அந்த அமிலம் விஷம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைத்துச் செய்யவே வேண்டாம். தெரிந்த பாலிஷ்காரரிடம் விடுங்கள்.

எங்களது கிரானைட் டேபிள்தான். கோஸ்டர் தேவையில்லைதானே?

கிரானைட்டுக்கும் சன்மைக்காவுக்கும் பெரிய பயம் இல்லை. மார்பிளும் கடப்பாக்கல்லும் அப்படியல்ல. இரண்டும் சுண்ணாம்பு சேர்ந்த கல், எலுமிச்சை ஜூஸ் பட்டால் அரித்துவிடும். மங்கலாக, தொட்டால் சொரசொரப்பாக ஒரு தடம் விழுந்தால் அது கறையில்லை, கல்லே கரைந்த இடம். துடைத்துப் போகாது, மறுபடி பாலிஷ் பிடிக்க வேண்டும். லெமன், ஆரஞ்சு, சோடா எது கொடுத்தாலும் இந்தக் கல்மேல் கோஸ்டர் அவசியம். அடி ஈரமானாலும் தாங்கும் சிலிக்கான் இங்கே நல்லது.

கண்ணாடி மேஜையில் கவலை வேறு: சுட்ட மண், கல் கோஸ்டர்களின் அடி கீறல் போடும். அடியில் ஃபெல்ட்டோ கார்க்கோ ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

கோரை, பனை ஓலை கோஸ்டர் ஆசையா வாங்கினேன். ஒரே மாசத்துல பூஞ்சை பிடிச்சிடுச்சு.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைக் கோரையானாலும் சரி, பனை ஓலையானாலும் சரி, அவை சூட்டைத் தாங்குவதில் கெட்டி, ஈரத்தில் பலவீனம். காபிக்கும் தேநீருக்கும் ஒதுக்கிவிடுங்கள். ஈரமானால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி டிராயரில் போடாமல், சாய்த்து நிறுத்திக் காற்றில் காயவைத்து, பிறகு அடுக்குங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெயில் அடிக்கும்போது ஒரு மணி நேரம் போட்டு எடுத்தால் போதும். நாள் முழுக்கப் போட்டால் சாயம் வெளுத்து ஓலை முறுகிவிடும்.

வந்துவிட்ட பூஞ்சையை முதலில் வீட்டுக்கு வெளியே வைத்துக் காய்ந்த பிரஷால் தட்டிவிட்டு, வினிகர் தொட்ட துணியால் துடைத்துக் காயவையுங்கள். கரும்புள்ளி நாருக்குள் இறங்கியிருந்தால் போகாது.

கல்லு மாதிரி ஒரு கோஸ்டர், தண்ணி பட்டா உடனே உறிஞ்சிடும்னு வாங்கினோம். இப்ப உறிஞ்சவே மாட்டேங்குது.

அது டயட்டமைட் கோஸ்டராக இருக்கும். நுண்ணிய துளைகள் நிறைந்த மண்ணை அழுத்திச் செய்தது. ஜூஸின் சர்க்கரை, பாலின் கொழுப்பு, கை எண்ணெய் எல்லாம் சேர்ந்து துளைகளை அடைத்துவிடுகின்றன. சோப்புப் போட்டுக் கழுவினால் இன்னும் அடைக்கும். வெறும் தண்ணீரில் அலசி நிழலில் இரண்டு நாள் உலரவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மெல்லிய உப்புத்தாளால் மேல்பக்கத்தை லேசாகத் தேய்த்தால் புதுத் துளைகள் திறக்கும்.

தேய்ப்பதானால் ஈரப்படுத்தித் தேயுங்கள், தூசி பறக்கக்கூடாது. ஜப்பானில் 2020-இல் இந்த வகைக் கோஸ்டர்களிலும் குளியலறை மிதியடிகளிலும் அஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது தெரிந்து பெருமளவில் திரும்பப் பெற்றார்கள். எங்கே தயாரானது என்று விவரமே இல்லாத சரக்கைத் தேய்க்காமல் மாற்றிவிடுவது நல்லது.

பேப்பர் நாப்கின்ல ஒன் பிளை, டூ பிளைன்னு போட்டிருக்கு. எது வாங்கறது?

பிளை என்பது எத்தனை தாள் அடுக்கு என்பது. ஒன் பிளை மலிவு. ஆனால் ஈரக் கிளாஸைத் தொட்டதும் கிழிந்து, துணுக்குகள் கிளாஸில் ஒட்டும். ஆளுக்கு மூன்று நான்கு எடுப்பார்கள், கடைசியில் செலவு ஒன்றுதான். பானத்தோடு கொடுக்க டூ பிளை போதும். எண்ணெய்ப் பலகாரம் கூட இருந்தால் அதையே இரண்டாகக் கொடுங்கள்.

அளவில் 25 செ.மீ. சதுரம் பானத்துக்கு, 33 செ.மீ. டிபனுக்கு, 40 செ.மீ. முழுச் சாப்பாட்டுக்கு. பாக்கெட்டில் எழுதியிருப்பது பிரித்த அளவு. வாங்குமுன் ஒன்றை எடுத்து ஒரு மூலையை நனைத்து விரலால் உருட்டிப் பாருங்கள். உடனே திரியாகத் திரண்டுவந்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

கோஸ்டர் எதுக்குத் தண்டச் செலவு? நாப்கினையே மடிச்சு அடியில வச்சா போதாதா?

சூடான காபிக்கு, பத்து நிமிடத்துக்கு, ஆகும். ஐஸ் போட்ட கிளாஸுக்கு ஆகாது. மேலே சொன்ன ஒன்றிரண்டு டீஸ்பூன் தண்ணீரை நாப்கின் உறிஞ்சும். உறிஞ்சிய பிறகு ஈரத்தோடு மேஜையில் படிந்து கிடக்கும். ஈரத்துணியை மேஜையில் போட்டுவைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை, வெள்ளை வட்டத்துக்கு இதுவே வழி. அவசரத்துக்கு வைப்பதென்றால் நான்காக மடித்து வையுங்கள், ஈரமானதும் மாற்றுங்கள்.

நாப்கினைக் கிளாஸைச் சுற்றிக் கொடுப்பது வேறு விஷயம், அது நல்ல பழக்கம். கை நழுவாது, புடவையில் சொட்டாது.

கலர் நாப்கின் வாங்கலாமா? ஒரு கல்யாணத்துல யாரோ பட்டுல சிவப்பா கறையாச்சு.

ஆழ்ந்த சிவப்பு, நீலம், மெஜந்தா நாப்கின்களில் மலிவானவை நனைந்தால் சாயம் விடும். பட்டு அதைப் பிடித்துக்கொண்டால் டிரை கிளீனிங்கிலும் முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. ஒரு நாப்கினை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் வேண்டாம். அலங்காரத்துக்குக் கலர், கையில் கொடுக்க வெள்ளை என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை.

துணி நாப்கின் புதுசுதான், ஆனா தண்ணியைத் தள்ளிவிடுது. ஏமாத்திட்டாங்களா?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, புதுக் காட்டனில் தறியில் போட்ட பசை இருக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் நன்றாக உறிஞ்சும். இன்னொன்று, அது பாலியெஸ்டராக இருக்கலாம். ஓரத்து நூல் ஒன்றை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள்: காட்டன் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

துவைக்கும்போது மென்மைக்காக ஊற்றும் திரவத்தைத் தவிருங்கள், அது நூலில் மெழுகுபோலப் படிந்து உறிஞ்ச விடாது. கஞ்சியும் அளவாக. விறைப்பாக மடித்தால் அழகாக நிற்கும், வாயைத் துடைத்தால் அட்டையால் துடைத்த மாதிரி இருக்கும். மேஜைத் துணி, நாப்கின் எல்லாம் ஏற்றுமதிக்கு நெய்வதில் கரூர் பெயர் பெற்ற ஊர். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு விற்கும் கடைகளில் நல்ல காட்டனைப் பார்த்து வாங்கலாம்.

அதுல மஞ்சள் கறை பட்டு, சோப்பு போட்டதும் சிவப்பா மாறிடுச்சே?

பயப்பட வேண்டாம். மஞ்சள் சோப்பின் காரத்தில் சிவக்கும், அலசினால் மறுபடி மஞ்சளாகும். துவைத்து ஈரத்தோடு நேர் வெயிலில் போடுங்கள். மஞ்சள் நிறம் வெயிலுக்கு வெளுக்கக்கூடியது, இரண்டு மூன்று வெயிலில் போய்விடும். காபிக் கறைக்கு உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பால் சேர்ந்த கறையில் எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் துணியில் இறுகிவிடும்.

ட்ரேயைத் தூக்கினாலே டம்ளரெல்லாம் வழுக்குது. கை நடுங்குது.

கை நடுங்குவதற்குப் பெரும்பாலும் கனம்தான் காரணம். 200 மி.லி. ஜூஸோடு ஒரு கண்ணாடி கிளாஸ் 450 கிராம் வரை வரும், எட்டு வைத்தால் ட்ரேயைச் சேர்க்காமலே 3.6 கிலோ. பழக்கமில்லாதவர்களுக்கு ஆறு போதும். 40×30 செ.மீ. ட்ரேயில் இருபது கிளாஸ்கூட இடிக்க இடிக்க அடுக்கலாம், ஆனால் எடுப்பவர் விரல் நுழைய இடம் வேண்டாமா?

வழுக்குவதற்குக் காரணம் ட்ரேயின் வழவழப்பும் கிளாஸ் அடி ஈரமும். ஒரு காட்டன் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ட்ரேயில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். காய்ந்த துணி ட்ரேயோடு சேர்ந்து வழுக்கும், பிழிந்த ஈரத்துணி பிடித்துக்கொள்ளும். பேப்பர் நாப்கினை விரித்தால் நனைந்து கிழிந்து இன்னும் மோசமாகும். கிளாஸ்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அடுக்குங்கள். கொடுக்கும்போது ஒரே பக்கமாக எடுக்கவிடாமல் ட்ரேயை மெல்லத் திருப்பிக்கொடுங்கள். ஒரு பக்கம் காலியானால் மறுபக்கம் கவிழும். ஊற்றுவது முக்கால் கிளாஸ்தான்.

வீட்லயே நிச்சயதார்த்தம், 50 பேர் வருவாங்க. என்னென்ன எவ்வளவு வேணும்?

வந்ததும் கொடுக்கும் ஜூஸ் ஆளுக்கு 150 மி.லி. என்றால் 7.5 லிட்டர், கூட ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து 9 லிட்டர். கிளாஸ் 200 மி.லி. கொள்ளளவு, 65. ஐம்பதே வைத்தால் ஒருவர் இரண்டாவது கேட்கும்போதே கழுவ ஓட வேண்டியிருக்கும். காபிக்கு டம்ளர் டபரா 60 ஜோடி தனியாக. பாத்திர வாடகைக் கடையில் எடுக்கும்போது எண்ணி வாங்குங்கள், டபராவையும் டம்ளரையும் ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். கலந்துபோன செட்டில் டம்ளர் டபராவுக்குள் இறுகிக்கொள்ளும்.

நாப்கின் ஆளுக்கு மூன்று, 150 ஆகிறது. நூறு போட்ட பாக்கெட் இரண்டு. ட்ரே நான்கு: இரண்டு சுற்றில், இரண்டு அடுக்களையில் நிரம்பிக்கொண்டிருக்க. ஜூஸை முன்பே குளிர வைத்திருந்தால் ஐஸ் 4 கிலோ போதும், இல்லாவிட்டால் இரண்டு மடங்கு. கோஸ்டர் கணக்கு முன்பு சொன்னதுதான், இருக்கைக்கு ஒன்று. நின்றுகொண்டு குடிப்பவருக்கு நாப்கின் சுற்றிய கிளாஸ்.

எல்லோரும் மறப்பது காலி டம்ளர் வைக்கும் இடத்தை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு ஸ்டூல்மேல் காலி ட்ரேயும், பக்கத்தில் குப்பைக்கூடையும் வையுங்கள். இல்லையென்றால் டி.வி. மேஜை, ஜன்னல் திண்டு, பூஜை அறை வாசல் எங்கும் டம்ளர்தான். அங்கேதான் எறும்பு வரும். ஜூஸ் பாத்திரத்தை ஒரு அகலத் தட்டில் விரல்கடை தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வைத்தால் எறும்பு ஏறாது. ஈக்கு மூடியைத் தவிர வேறு வழியில்லை.

பேப்பர் கப் கொடுத்தா கழுவுற வேலை மிச்சம். ஆனா தடைன்னு சொல்றாங்களே?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் தடையில் பிளாஸ்டிக் கப், தெர்மாகோல் கப், பிளாஸ்டிக் ஸ்ட்ரா ஆகியவற்றோடு பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அடங்கும். நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் கப், ஸ்ட்ரா, கலக்கும் குச்சி போன்றவற்றுக்குத் தடை வந்தது. சாதாரண பேப்பர் கப்பின் உள்பக்கம் வழவழவென்று இருப்பது அந்தப் பிளாஸ்டிக் பூச்சுதான். அது இல்லாவிட்டால் காபி ஊறிவிடும்.

சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் சூடான பானத்துக்கு அது சரியில்லை. கரக்பூர் ஐ.ஐ.டி. 2020-இல் சோதித்தபோது, 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மி.லி. நீர் 15 நிமிடம் கப்பில் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலப்பதாகக் கண்டார்கள். எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுத்து, கழுவ ஒரு ஆளும் வைத்துக்கொள்வதே நல்லது.

பேப்பர் ஸ்ட்ரா பாதியில ஊறிப்போகுது. ஜிகர்தண்டாவுக்கு எது போடறது?

பேப்பர் ஸ்ட்ராவை முன்கூட்டியே கிளாஸில் குத்திவைக்காதீர்கள், கையில் கொடுக்கும்போது போடுங்கள். பாக்கெட்டைப் பிரித்து வைத்தால் காற்றீரத்திலேயே தளர்ந்துவிடும், மூடிய டப்பாவில் வையுங்கள். ஜூஸுக்கு 6 மி.மீ., மில்க் ஷேக்குக்கு 8 மி.மீ. போதும்.

மதுரை ஜிகர்தண்டாவில் ஊறிய பாதாம் பிசின் கட்டி கட்டியாக இருக்கும், மேலே ஐஸ்கிரீம் வேறு. மெல்லிய ஸ்ட்ராவில் இழுத்தால் காகிதம் சப்பையாகிவிடும். அதற்கு நீளக் காம்பு ஸ்பூன்தான் சரி. ஸ்ட்ரா வேண்டுமென்றே கேட்டால் 10 முதல் 12 மி.மீ. எவர்சில்வர் ஸ்ட்ராவைச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம், ஓடும்போது வாயில் குத்திவிடும். பெரியவர்களுக்குக் கொடுத்தாலும் குடித்தவுடனே பிரஷ் விட்டுக் கழுவுங்கள், பால் காய்ந்தால் உள்ளே எடுக்க முடியாது.

பாட்டியோட பித்தளை டபரா செட் இருக்கு. அதுல மோரும் லெமன் ஜூஸும் கொடுத்தா அழகா இருக்குமே?

உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பார்க்காமல் கொடுக்கக்கூடாது. புளிப்பு பட்டால் பித்தளையிலிருந்து செம்பும் துத்தநாகமும் கரையும். பச்சையாகக் களிம்பு பிடிப்பது அதனால்தான். குடித்தால் குமட்டல், வாந்தி. உள்பக்கம் வெள்ளி நிறத்தில் சீராக இருந்தால் பூச்சு நன்றாக இருக்கிறது. எங்காவது மஞ்சள் தெரிந்தால் மறுபடி பூசக் கொடுங்கள். உள்ளே புளியோ கம்பி நாரோ போட்டுத் தேய்க்காதீர்கள், வெளிப்பக்கத்துக்கு மட்டும் புளி. பூச்சு நன்றாக இருந்தாலும் மோரை ஊற்றி நெடுநேரம் வைக்காமல், கொடுக்கும்போது ஊற்றுவதே பத்திரம். வெளியே செம்பும் உள்ளே எவர்சில்வருமாக வரும் டம்ளருக்கு இந்தக் கவலை இல்லை.

ரெண்டு கண்ணாடி கிளாஸ் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிச்சு. இழுத்தா உடைஞ்சிடும் போல இருக்கு.

இழுக்காதீர்கள். உள் கிளாஸில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, வெளிக் கிளாஸை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். உள்ளே இருப்பது சுருங்கும், வெளியே இருப்பது விரியும். இரண்டு நிமிடத்தில் மெல்லத் திருகினால் வந்துவிடும். கொதிநீர் கூடாது. சாதாரணக் கண்ணாடி திடீர்ச் சூடு தாங்காது, அதிலும் அடி தடித்த கிளாஸ் சீக்கிரம் விரிசல் விடும். இதே காரணத்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிளாஸில் சூடாக எதையும் ஊற்றக்கூடாது. சூடு தாங்கும் போரோசிலிக்கேட் கிளாஸ் என்றால் பரவாயில்லை.

எவ்வளவு தேய்ச்சாலும் கிளாஸ்ல வெள்ளைத் திட்டு, டம்ளர்ல பால் வாடை.

திட்டு, உப்புத் தண்ணீர் காய்ந்து விட்ட சுண்ணாம்பு. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். பிறகு தானாகக் காயவிடாமல் உடனே துடைத்தால் திட்டு மறுபடி விழாது. துடைக்கப் பழைய காட்டன் வேட்டித் துண்டு நல்லது; டர்க்கி டவல் பஞ்சு விடும். வாடைக்கு, காபிக் கறைக்குச் சொன்னதே இங்கும்: பால் குடித்த டம்ளரை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பும் வெந்நீரும். மிச்சமிருந்தால் கடலைமாவு போட்டுத் தேயுங்கள். டம்ளர் விளிம்பை வெளிப்பக்கம் மடித்திருக்கும் இடுக்கில்தான் வாடை தங்கும், விரலை அங்கே விட்டுத் தேய்க்க வேண்டும்.

எல்லாம் வாங்கி வச்சாச்சு. வர்றவங்க கோஸ்டர்ல வைக்கவே மாட்டேங்கிறாங்க. பெரியப்பாகிட்ட போய் "இதுல வைங்க"ன்னு சொல்ல முடியுமா?

சொல்லவே வேண்டாம். பானம் வருவதற்கு முன்பே ஒவ்வொரு இருக்கைக்கும் வலக்கைப் பக்கம் கோஸ்டரைப் போட்டுவிடுங்கள். முதல் கிளாஸைக் கையில் கொடுக்காமல் நீங்களே கோஸ்டர்மேல் வைத்து, "எடுத்துக்குங்க பெரியப்பா" என்று சொல்லுங்கள். எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். அடுக்கி ஸ்டாண்டில் நிறுத்திவைத்த கோஸ்டரை விருந்தாளி யாரும் தானாக எடுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார்.

மேஜை எட்டாத சோபா என்றால் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல் போடுங்கள், இல்லாவிட்டால் கைப்பிடிமேல்தான் டம்ளர் நிற்கும். அண்ணாந்து குடிக்கும் பெரியவர்களுக்கு விளிம்பு மடித்த எவர்சில்வர் டம்ளரே கொடுங்கள். தடித்த விளிம்புள்ள கண்ணாடி கிளாஸில் தாரை சரியாக விழாமல் சட்டையில் வழியும். குழந்தைகளுக்குக் கிளாஸில் மாட்டும் துணி உறையோ பின்னல் உறையோ போட்டுக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் உறை கூடவே போகும்.